சோடியம் மட்டும் கொஞ்சம் அதிகம்

கோயமுத்தூர்க்காரர்களுக்குத் தண்ணீர் இரண்டு வகை. சிறுவாணித் தண்ணீர் ஒன்று, உப்புத் தண்ணீர் இன்னொன்று. குடிக்க, சோறாக்க, சொந்தபந்தம், உறம்பறை வந்தால் சொம்பில் மொண்டு நீட்டச் சிறுவாணி. மற்ற எல்லாவற்றுக்கும் ஆழ்குழாயில் வருகிற உப்பான போர்த் தண்ணீர்தான். பைப்பில் சிறுவாணி எட்டிப் பார்க்கிற அன்றைக்குத் தெருவே குடத்தோடு நிற்கும். அந்தத் தண்ணீரைக் கொண்டுபோய்க் காரின் ரேடியேட்டரில் ஊற்றினேன் என்று எவனாவது சொன்னால், அவனைப் பெற்ற தாயே அவனுக்காகப் பரிந்து பேச மாட்டாள்.

சஹீரும் ஊற்றியதில்லை. சிங்காநல்லூர் கார் ஸ்டாண்டின் மூலையில், வாயெல்லாம் வெள்ளை படிந்த ஒரு போர்க் குழாய் உண்டு. காலையில் வந்ததும் அதில் ஒரு கேன் பிடிப்பார். பானெட்டைத் தூக்கி, குறைந்த அளவுக்கு ஊற்றி, பிஸ்மில்லா சொல்லி வண்டியை எடுப்பார். பழைய டீசல் அம்பாசடர். ஸ்டாண்டில் மற்றவர்கள் எல்லாம் புது வண்டிக்கு மாறி, செல்போனில் சவாரி பிடிக்கிற காலத்திலும் சஹீரின் வண்டிக்கென்று சில வீடுகள் இருந்தன. முழங்கால் மடக்க முடியாத கிழவிகள் உள்ள வீடுகள். சீட்டு உயரமாக இருப்பதால் பின்பக்கத்தை வைத்துத் திரும்பினால் போதும், உள்ளே உட்கார்ந்துவிடலாம்.

எஞ்சினைக் குளிரவைக்கிற கூலண்ட் ஊற்ற வேண்டும் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. மகள் மிஸ்பா வேலைக்குப் போன முதல் மாதமே ஒரு கேன் வாங்கி வந்தாள். பச்சை நிறத்தில், பார்க்கக் கலர் சர்பத்துக்குத் தங்கச்சி மாதிரி இருந்தது. "இனிமேட்டுத் தண்ணி ஊத்தாதீங்கத்தா, இதத்தான் ஊத்தோணும்" என்று கண்டித்துச் சொன்னாள். ஊற்றவும் ஊற்றினார். அப்புறம் ரேடியேட்டர் ஓட்டையாகி, வேறு மாற்றியபோது அது மொத்தமும் உக்கடத்துச் சாக்கடையில் போயிற்று. அன்றைக்கு மெக்கானிக் கடையில் இருந்தது போர்த் தண்ணீர். அதற்கப்புறம் எப்போதும் அதுதான். அதை மகளிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியதே இல்லை. சொல்கிற அளவுக்கு அது ஒரு விஷயமா என்ன?

மிஸ்பா கெமிஸ்ட்ரி படித்தவள். பீளமேட்டுப் பக்கம் ஒரு லேபில் வேலை. பல்லடம், கேத்தனூர், உடுமலைப்பேட்டைக் காடுகளில் நிற்கிற காற்றாலைகளின் ஆயில் அங்கேதான் வரும். காற்றாலையின் உச்சியில் இருக்கிற கியர் பாக்ஸைக் கழற்றிப் பார்ப்பது லேசான காரியமில்லை. அதனால் ஆயிலை ஒரு சின்னக் குப்பியில் பிடித்து அனுப்புவார்கள். மிஸ்பா அதைக் குலுக்கி, மிஷினில் வைத்து, நெருப்புப்பொறியில் எரித்து, அந்த வெளிச்சத்திலிருந்து எந்த உலோகம் எவ்வளவு தேய்ந்து ஆயிலில் கலந்திருக்கிறது என்று எடுப்பாள். ரிப்போர்ட்டில் அவள் கையெழுத்து இருக்கும். "எம் புள்ள கீழ உக்காந்துட்டே மேல என்ன நோவுன்னு சொல்லிப்போடும்" என்று சஹீர் ஸ்டாண்டில் சொல்லாத நாளில்லை. கேட்டுக் கேட்டுச் சலித்துப்போனவர்கள், அவர் வாயைத் திறந்ததுமே "காத்தாடி டாக்டர் எப்படீங் பாய் இருக்குது?" என்று கேட்டுவிடுவார்கள்.

ஆடிக்காற்று தொடங்குகிற சமயத்தில் வண்டி தண்ணீர் அதிகமாகக் குடிக்க ஆரம்பித்தது. கீழே சொட்டு இல்லை, காலையில் பார்த்தால் ரேடியேட்டரில் குறைந்திருக்கும். மெக்கானிக் ஒரே பேச்சில் முடித்துவிட்டார்: "எஞ்சின் ஹெட்டைக் கழட்டிப் பாத்துரலாமுங் பாய்." கழற்றினால் வண்டி வாரக்கணக்கில் படுத்துவிடும். பழைய வண்டிக்குச் சாமான் கிடைப்பது குதிரைக்கொம்பு. அதற்குள் இருக்கிற நாலு வீட்டுக்காரர்களும் வேறு வண்டி பார்த்துக்கொள்வார்கள். சஹீர் முகத்தைத் தொங்கப்போட்டு வந்த அன்று, மிஸ்பாதான் உற்சாகமாகச் சொன்னாள்.

"எதுக்குங்கத்தா சும்மா கழட்டோணும்? தண்ணி ஆயிலுக்குள்ள எறங்குதான்னுதானே பாக்கோணும்? ஆயிலைப் பிடிச்சுக் குடுங்க. நான் பாத்துச் சொல்லிப்போடறேன்."

அவள் வேலையில் சேர்ந்ததிலிருந்து சொந்த வீட்டுக்கென்று ஒரு டெஸ்ட் செய்வது அதுதான் முதல். வண்டியை நன்றாக ஓட்டிச் சூடேற்றி, ஆயில் சூடாக இருக்கும்போதே பிடிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாள். சஹீர் அவிநாசி வரை போய்த் திரும்பி, புதுக் குப்பியில் பிடித்துக் கொடுத்தார். மகள் சொன்னபடி ஒன்றுவிடாமல் செய்தார். அதையும் சொல்ல வேண்டும்.

ரிப்போர்ட் வந்த மதியம் அவர் ஸ்டாண்டில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்திருந்தார். அரிசியும்பருப்புச் சோறு, மேலே நெய்க்குப் பதிலாகத் தேங்காய் எண்ணெய். போன் அடித்தது.

"அத்தா, சாப்டாச்சுங்களா?"

"ஆவுது கண்ணு. சொல்லு."

"நம்ம வண்டி ரிப்போர்ட்டு வந்துருச்சுங்கத்தா. ஒண்ணே ஒண்ணு கேக்கோணும். சார் பக்கத்துலதான் இருக்காரு, ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். ரேடியேட்டருக்கு என்னங்கத்தா ஊத்தறீங்க? கூலண்டா, வெறுந் தண்ணியா?"

சார் என்பது வரதராஜுலு. லேபின் பொறுப்பாளர். வீட்டில் மிஸ்பா வாய் ஓயாமல் புகழ்கிற ஆள். சஹீர் அவரைப் பார்த்ததில்லை. ஆனால் ஏசி ரூமில், கண்ணாடி போட்டுக்கொண்டு, தன் மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, போனில் தன் பதிலுக்காகக் காத்திருக்கிற ஒரு மனிதரை அவரால் அந்த நொடி தெளிவாகப் பார்க்க முடிந்தது. அவரிடம் போய், 'ஸ்டாண்டுக் குழாயில் பிடிக்கிற உப்புத் தண்ணீர்' என்று எப்படிச் சொல்வது? படித்த பிள்ளையின் அப்பன் இப்படியா வண்டி வைத்திருப்பான் என்று நினைக்க மாட்டாரா?

"கூலண்டுதான் கண்ணு. நீ வாங்கிக் குடுத்தியே பச்சக் கலரு, அதே அயிட்டந்தான்."

"தண்ணி சேக்கறதில்லைங்களே?"

"சேச்சே. சுத்தமாக் கூலண்டுதான்."

"அப்பச் சரிங்க பாய்" என்று ஒரு கனமான குரல் சொன்னது. போன் அணைந்தது. சஹீர் அடுத்த கவளத்தை எடுத்தார். பொய் சொல்லிவிட்டோம் என்கிற கூச்சம்கூட அவருக்கு வரவில்லை. ரேடியேட்டரில் ஊற்றுகிற தண்ணீருக்கும் ஆயிலுக்குள் இருக்கிற உலோகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? வீட்டுக்கு விருந்தாளி வந்தால் கிழிந்த பாயைச் சுருட்டி மறைப்பதுபோல மறைத்தார், அவ்வளவுதான்.

சாயங்காலம் மிஸ்பா ரிப்போர்ட்டோடு வந்தாள். வாசலை அடைத்துக்கொண்டு அவள் அம்மா சஃபியா உட்கார்ந்திருந்தாள். திருப்பூர்க் கம்பெனிக்குப் போகிற பனியன்களில் பிசிறு வெட்டுவது அவள் வேலை. மடியெல்லாம் நூல் துண்டு. மிஸ்பா அம்மாவைத் தாண்டி வந்து, காகிதத்தை அப்பாவின் முன் விரித்தாள்.

"ரத்த டெஸ்ட்டாட்டவே இருக்குது" என்றார் சஹீர்.

"அதேதானுங்கத்தா. இங்க பாருங்க. இரும்பு, சிலிண்டர் தேஞ்சா ஏறும். ஏறல. சிலிக்கான்னா மண்ணு, தூசி. அதுவும் இல்ல. செம்பும் ஈயமும் கொஞ்சம் இருக்குது, பேரிங்ல இருந்து வாரது. வயசான வண்டிக்கு அது இருக்குங்க. ஆயில்ல தண்ணி எத்தனைன்னு பாத்தேன், அளவுக்குள்ளதான் இருக்குது. சோடியம் மட்டும் கொஞ்சம் அதிகம்."

"சோடியம்னா?"

"உப்புல இருக்கறது. கூலண்டு ஆயிலுக்குள்ள எறங்குனா சோடியம் ஏறும். ஆனா அப்ப அது தனியா வராதுங்கத்தா. கூடவே பொட்டாசியம் வரோணும். அதை உடுங்க, கூலண்டோட மூலச்சரக்கு கிளைக்கால், அது வரோணும். கிளைக்கால் இல்லாம கூலண்டே இல்ல. ரெண்டுமே சுத்தமா இல்ல. அதுக்குத்தான் போன் பண்ணிக் கேட்டது. நீங்க கூலண்டு ஊத்தறதுனால தெளிவாச் சொல்ல முடியுது, கூலண்டு உள்ள எறங்கலைன்னு."

"பொறகு சோடியம் எங்கிருந்து வந்துது?" என்று கேட்டது சஃபியா. பனியனிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"சில ஆயில்லயே சோடியம் மருந்து கலந்துதாம்மா வரும். கரி படியாம இருக்க. அதா இருக்கும்னு எழுதியிருக்கேன். சாரும் சரின்னுட்டாரு." மிஸ்பா சிரித்தாள். "ஹெட்டைக் கழட்ட வேண்டாமுங்கத்தா. ஆயிலை மாத்திப்போட்டு ஓட்டுங்க."

சஹீர் ரிப்போர்ட்டின் கீழே இருந்த மகளின் கையெழுத்தைத் தடவிப் பார்த்தார். அன்றைக்கு அவருக்கு இருந்த சந்தோஷத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆயில் மாற்றினார். வண்டி ஓடியது. தண்ணீர் குடிப்பது நிற்கவில்லை, ஆனால் அதுதான் ஒன்றுமில்லை என்று வந்துவிட்டதே. கேனைப் பிடித்து ஊற்றிக்கொண்டே இருந்தார்.

ஆடி முடியப் போகிற நேரம், விடிகாலை பஜர் தொழுதுவிட்டுச் செருப்பு மாட்டும்போது கருமத்தம்பட்டியிலிருந்து கதிர்வேல் கூப்பிட்டான். விசைத்தறிக் குடோன் வைத்திருப்பவன். சஹீர் வண்டியில் கால் வைக்காமல் அவன் வீட்டில் ஒரு நல்லதும் கெட்டதும் நடந்ததில்லை. அவன் அம்மா சின்னாத்தாளுக்கு வேறு வண்டியே ஆகாது. அந்தம்மாள் இப்போது வெள்ளகோவிலில், மகள் வீட்டில் படுத்திருந்தாள்.

"ஏனுங் பாய், அக்கா கூப்புட்டுது. அம்மா நெனவு தப்பித் தப்பி வருதாமா. என்னையவே கேக்குதாமா. ஒடனே வாங்கொ."

"வாரேனுங் தம்பி. நீங்க வாசல்ல வந்து நில்லுங்கொ."

கதிர்வேலும் மனைவி புவனாவும் வாசலில்தான் நின்றார்கள். புவனா கையில் பாலோடு ஒரு தூக்குப்போசி. கொங்கு நாட்டில் உயிர் போகிற நேரம் மகன் கையால் வாயில் பால் விடுவது வழக்கம். வீட்டு மாட்டின் பாலாகவே இருக்கட்டும் என்று அந்நேரத்துக்குக் கறந்து எடுத்துக்கொண்டாள். அதைப் பார்த்ததும் சஹீர் வண்டியை எடுத்தார்.

அவிநாசி தாண்டி, திருப்பூர் தாண்டி, காங்கேயம் ரோட்டில் ஏறினார்கள். காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளியது. கதிர்வேல் முன்சீட்டில் உட்கார்ந்து, அக்காளோடு போனில் பேசிக்கொண்டே வந்தான். "இருக்குதா... ஆ... காதுல சொல்லு, வந்துட்டேன்னு சொல்லு." படியூர் நெருங்கும்போது சூட்டு முள் மேலே ஏறுவதைச் சஹீர் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் எஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுகிற சத்தம். ஓரம் கட்டலாம் என்று காலைத் தூக்குவதற்குள் சத்தம் நின்றது. சத்தத்தோடு எஞ்சினும் நின்றது. வண்டி தன் பாரத்திலேயே கொஞ்ச தூரம் போய் ஒரு வேப்பமரத்தடியில் நின்றுவிட்டது.

பானெட்டைத் தூக்கினார். ஆயில் மூடியைத் திறந்தார். உள்ளே ஆயில் இல்லை, பால் டீதான் இருந்தது. தண்ணீரும் ஆயிலும் கலந்து நுரை கட்டியிருந்தது. சாவியைத் திருப்பினால் எஞ்சின் அசையவே இல்லை.

"ஆவாதுங்களா பாய்?" என்றான் கதிர்வேல்.

"ஆவாதுங் தம்பி."

புவனாவால் தாங்க முடியவில்லை. "இத்தாந் தொலவு கெளம்பறமே, வண்டிய ஒருக்காப் பாத்துருக்கக் கூடாதுங்களா?"

சஹீருக்கு நாக்கு முந்திக்கொண்டது. "பாத்துட்டுத்தானுங் அம்மணி எடுத்தேன். ஆயிலை லேப்ல குடுத்து டெஸ்ட்டே பண்ணுனமுங். ஒண்ணுமில்ல, ஓட்டலாமுன்னுதான் ரிப்போர்ட்டு வந்துது."

"மிஸ்பா வேல செய்யற லேப்லயா?"

"ஆமாங்."

காங்கேயம் போகிற பஸ் ஒன்று வந்தது. கதிர்வேல் ரோட்டின் நடுவில் போய் நின்று கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்தினான். படியில் தொங்கிக்கொண்டு போனான். புவனா தூக்குப்போசியை மார்போடு அணைத்துப் பின்னால் ஏறினாள். சஹீர் வேப்பமரத்தடியில் நின்றார். காற்று விடாமல் அடித்தது. தூரத்தில் காற்றாலைகள் ஒரே வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தன.

காங்கேயம் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போதே போன் வந்துவிட்டது. பாலை மருமகன் கையால் விட்டார்களாம்.

இழுத்துக்கொண்டு வந்த வண்டியை ஸ்டாண்டில் விட்டுவிட்டுச் சஹீர் வீட்டுக்கு வந்தார். மிஸ்பாவுக்கு விஷயத்தைச் சொன்னபோது அவள் அழவில்லை. ரிப்போர்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பார்த்தாள். மறுநாள் லேபுக்குப் போய் வந்து, அப்பாவின் எதிரில் உட்கார்ந்தாள்.

"சார்கிட்டச் சொன்னேனுங்கத்தா. ஆயில்ல தண்ணி எறங்கியிருக்குதுன்னு. அவரு ரொம்ப நேரம் ரோசனை பண்ணிட்டு ஒண்ணு சொன்னாரு. ரேடியேட்டர்ல வெறும் போர்த் தண்ணி ஊத்தியிருந்தா எல்லாமே சரியா வருதாம். போர்த் தண்ணியில கிளைக்கால் ஏது? பொட்டாசியம் ஏது? உப்புத்தான் இருக்கும். ராத்திரி வண்டி ஆறிக் கெடக்கறப்ப கொஞ்சங் கொஞ்சமா உள்ள எறங்கும். ஓட்டுனா சூட்டுல தண்ணி ஆவியாப் போயிரும். உப்பு எங்க போகும்? ஆயில்லயே தங்கிரும். நாம சூடு பண்ணிப் பிடிச்சதுனால தண்ணி இல்லைன்னு வந்திருக்கும், சோடியம் மட்டும் காட்டியிருக்கும். அப்படி இருந்தா உம் மேல தப்பே இல்ல மிஸ்பா, கேட்ட பதிலுதான் தப்புன்னாரு."

சஹீருக்கு அப்போதுதான் புரிந்தது.

"நீ... என்ன சொன்னே கண்ணு?"

"என்ன சொல்லறது? எங்கத்தா அப்படிச் சொல்ல மாட்டாருங்க சார், கூலண்டுன்னா கூலண்டுதான்னேன். உங்க முன்னாலதானே கேட்டேன்னேன். அவரு பாவம், எனக்கு ஆறுதல் சொல்லப் பாக்கறாரு." அவள் ரிப்போர்ட்டை மறுபடி விரித்தாள். "எனக்குத் தெரியலீங்கத்தா. வேற எங்கியோ தப்புப் பண்ணியிருக்கேன். எங்கன்னுதான் தெரியல."

இதுதான் சமயம். வாயைத் திறந்திருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. ஆனால் மகள் ஆபீஸில், அந்தக் கனமான குரலுக்கு எதிராக, தன் அப்பன் பொய் சொல்ல மாட்டான் என்று சண்டை போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறாள். இவளிடம் எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று சஹீர் நினைத்தார். கோழைகளுக்கு நாளை என்று ஒன்று இருப்பது பெரிய வசதி.

மூன்றாம் நாள் வெள்ளகோவிலுக்குத் துக்கம் விசாரிக்கப் போனார்கள். மிஸ்பா தானும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தாள். பந்தலில் பிளாஸ்டிக் சேர்களில் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கதிர்வேல் தலையில் துண்டு போட்டுக்கொண்டு வந்தான். சஹீரின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வாசலையே பாத்துட்டு இருந்துச்சாமுங் பாய். கார் சத்தம் கேக்குதா, கேக்குதான்னு கேட்டுச்சாமா. உங்க வண்டிச் சத்தம் அதுக்குத் தெரியுமுங்களே."

சஹீர் தலையைக் குனிந்தார். பக்கத்தில் நின்ற மிஸ்பா முன்னால் வந்தாள். இரண்டு கையையும் சேர்த்தாள்.

"அண்ணா, வண்டியில கோளாறு இல்லைன்னு எழுதிக் குடுத்தது நான்தானுங். எங்கத்தா ஹெட்டைக் கழட்டத்தான் இருந்தாரு. நாந்தான் வேண்டாமுன்னேன். என்னாலதானுங்கண்ணா நீங்க... என்னய மன்னிச்சுப்போடுங்க."

எல்லாரும் அந்தப் பெண்ணைப் பார்த்தார்கள். கதிர்வேல் நல்லவன். "உடு கண்ணு, நீ என்ன பண்ணுவே" என்றுதான் சொன்னான். ஆனால் சொல்லும்போது அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பின்னால் யாரோ ஒரு அம்மாள், "படிச்சு என்னத்துக்கு" என்று முணுமுணுத்தது மிஸ்பாவின் காதிலும் விழுந்தது, சஹீரின் காதிலும் விழுந்தது. சஹீர் மகளின் தோளைப் பிடித்து வெளியே கூட்டி வந்தார். பார்த்தவர்களுக்கு அவர் ஒரு பெரிய மனசுள்ள அப்பாவாகத் தெரிந்திருப்பார். இந்த இடத்தில் எனக்கு அந்த ஆளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருக்கிறது. உலுக்கினாலும் என்ன கொட்டியிருக்கும்?

திரும்பி வந்த வாரம் ஸ்டாண்டில் எல்லாரும், எஞ்சினைப் பிரித்துப் பார்க்கலாம், வேறு எஞ்சின் வைக்கலாம் என்று சொன்னார்கள். மெக்கானிக்கே ஆள் அனுப்பினார். பிரித்தால் என்ன தெரியும் என்று சஹீருக்கு இப்போது தெரியும். தண்ணீர் ஓடுகிற வழியெல்லாம் வெந்நீர்ப் பானையின் அடிபோல வெள்ளை வெள்ளையாக உப்புப் படிந்திருக்கும். மெக்கானிக் அதை மிஸ்பாவிடம் சொல்லுவார். 'உங்கத்தா என்ன கண்ணு, கெணத்தையே ஊத்தி வெச்சிருக்காரு' என்று சிரித்துக்கொண்டே சொல்லுவார்.

அன்று மதியமே உக்கடத்துப் பழைய இரும்புக் கடைக்கு ஆள் சொல்லிவிட்டார். வந்தவர்கள் விலை சொன்னதும் பேரம் பேசாமல் தலையாட்டினார். "இன்னைக்கே ஒடச்சுருங்கொ" என்று மட்டும் கேட்டுக்கொண்டார். கேஸ் கட்டரின் நீல நெருப்பு எஞ்சினைப் பாளம் பாளமாக அறுத்ததை எதிர்க்கடை நிழலில் நின்று பார்த்தார். நிம்மதியாகக்கூட இருந்தது. மறுவாரத்திலிருந்து அடுத்தவர் வண்டிக்கு ஆக்டிங் டிரைவராகப் போக ஆரம்பித்தார்.

நிம்மதி நிலைக்கவில்லை. காற்றுக் காலம் முடிந்ததும் லேபில் குப்பிகள் மலையாகக் குவியும். வருஷம் பூராவும் ஓடாத வேலை அப்போது ஓடும். மிஸ்பா ஒவ்வொரு குப்பியையும் இரண்டு முறை, மூன்று முறை எரித்தாள். எல்லாம் சரியாக இருந்தாலும் கையெழுத்துப் போட முடியவில்லை. பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒரு காற்றாலைக்கு ஒன்றுமில்லாததற்கு நிறுத்தச் சொல்லி எழுதிவிட்டாள். கம்பெனிக்காரர்கள் வந்து கத்தினார்கள். வரதராஜுலு எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். ஒரு நாள் சாயங்காலம் வந்து, "வேலய உட்டு நின்னுட்டேம்மா" என்றாள். சோறு வேண்டாம் என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். ஒப்பணக்காரத் தெருவில் ஒரு ஜவுளிக் கடையில் சேலை எடுத்துக் காட்டுகிற வேலைக்குச் சொல்லி வைத்திருந்தாள். அங்கே எதற்கும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை.

திங்கட்கிழமை அந்த வேலைக்குப் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மதியம், கடையில் கொடுத்த யூனிபார்ம் சேலைக்கு மிஸ்பா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். சஃபியா பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். சஹீர் வந்து மகளின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"கண்ணு, அந்த வேலைக்குப் போவாத. உம் மேல தப்பில்ல. வண்டிக்கு நான் உப்புத் தண்ணிதான் ஊத்துனேன்."

மிஸ்பாவின் கை நின்றது.

"ரேடியேட்டரு மாத்துனதுல இருந்து ஸ்டாண்டுக் கொழாய்த் தண்ணிதான். போன்ல உங்க சார் முன்னால சொல்லக் கூச்சமாப் போச்சு. அதனால கூலண்டுன்னு சொல்லிப்போட்டேன். உங்க சார் சொன்னதுதான் நெசம். நீ சரியாத்தான் பாத்தே. நாந்தான் பொய் சொன்னேன்."

மிஸ்பா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். அவரையே பார்த்தாள். அந்த முகத்தில் ஒரு கணம் என்னவோ எழுந்தது. எழுந்தது என்றுதான் சஹீர் கடைசி வரை நம்பினார்.

அந்த நேரம் பார்த்துச் சஃபியா கத்திரிக்கோலைப் போட்டுவிட்டு எழுந்து வந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் மகள் இரண்டு மாதமாக உருகுவதைப் பார்க்கப் பொறுக்காதவள். புருஷன் ஏதோ வழி கண்டுபிடித்திருக்கிறார், தானும் ஒரு கை கொடுப்போம் என்று நினைத்தாள்.

"ஆமா கண்ணு, நெசந்தான்! நானே எத்தன தடவ பாத்துருக்கறேன். நாந்தான் கொடத்துல உப்புத் தண்ணி மொண்டு குடுப்பேன், உங்கத்தா வாங்கி ஊத்துவாரு."

மிஸ்பா அம்மாவைப் பார்த்தாள். முகத்தில் எழுந்தது அப்படியே அணைந்துவிட்டது.

"எங்கம்மா பாத்தீங்க? நம்ம சந்துக்குள்ள வண்டி வந்ததேயில்லையே. ஸ்டாண்டுலதானே நிக்கும்?"

சஃபியா விழித்தாள். "அது... ஒருக்கா... ஸ்டாண்டுக்கு வந்தப்ப..."

"ரெண்டு பேரும் பேசி வெச்சுட்டீங்களாம்மா?"

"அவளுக்குத் தெரியாது கண்ணு!" சஹீர் கிட்டத்தட்டக் கத்தினார். "அவ சும்மா சொல்றா. நான் சொல்றது நெசம். வேணும்னா ஸ்டாண்டுல யாரையாச்சும் கேட்டுப் பாரு."

"எத்தன பேருகிட்டங்கத்தா சொல்லி வெச்சிருக்கீங்க?" மிஸ்பா சிரிக்கப் பார்த்தாள். "சார் சொன்னத நாந்தானே உங்ககிட்ட வந்து சொன்னேன்? அதையே திருப்பி எனக்குச் சொல்றீங்க. அது நெசமா இருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பீங்களே. கதிர்வேலண்ணன் ஊட்டுல அத்தன பேரு முன்னால நான் கையெடுத்துக் கும்பிட்டப்பச் சொல்லியிருப்பீங்களே. என்னைய அப்படி நிக்க உட்டுட்டுப் பாத்துட்டா இருப்பீங்க?"



"எஞ்சினு இருந்தா..." என்றார். "எஞ்சினைப் பிரிச்சா உப்பு இருக்கும் கண்ணு..."

"அதத்தான் குடுத்துட்டீங்களே. நான் பாக்கப் பாக்க அழுவேன்னுதானே அவசர அவசரமாக் குடுத்தீங்க? எனக்குத் தெரியுங்கத்தா."

அவர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அப்படி அழுது அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. மிஸ்பா கிட்டே வந்து உட்கார்ந்து, தன் துப்பட்டாவால் அவர் கண்ணைத் துடைத்தாள். சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள்.

"எனக்காக நீங்க ஏனுங்கத்தா கெட்ட பேரு வாங்கோணும்? தப்பு பண்ணுனது நானு. நான் தாங்கிக்குவேன். நீங்க இப்படியெல்லாம் சொல்லாதீங்க, எனக்குத் தாங்காது."

அவள் தன்னைத் திட்டியிருக்கலாம். தட்டை வீசியிருக்கலாம். இனி இந்த வீட்டில் இருக்க மாட்டேன் என்று கிளம்பியிருக்கலாம். அது எதையும் அவர் தாங்கியிருப்பார். தன்னை நல்லவன் என்று நம்பிக்கொண்டு மகள் தன் கண்ணைத் துடைத்துவிடுவதை மட்டும் சஹீரால் தாங்க முடியவில்லை.

மிஸ்பா எழுந்தாள். இஸ்திரிப் பெட்டி ஆறிப்போயிருந்தது. சுவிட்சைப் போட்டு, அது சூடாகிற வரைக்கும் நின்றாள். பிறகு சேலையின் மடிப்பை நீவி, விட்ட இடத்திலிருந்து தேய்க்க ஆரம்பித்தாள்.